கரீபியன் கடலில் பதினொரு நாள்

நாங்கள் இருவர். எங்களில் ஒருவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் 36 வருஷம் கணக்கு எழுதி, மாலை மரியாதைகளுடன் ஓய்வு பெற்றவர். மற்றவர் அதே 36 வருஷமும் அவருக்குச் சமைத்துப் போட்டவர். முன்னவருக்குப் பென்ஷன் உண்டு. பின்னவருக்கு ஓய்வு உத்தரவு இன்னும் எந்த ஆபீஸிலிருந்தும் வந்தபாடில்லை. இருந்தாலும், 2023ஆம் வருஷம் ஜனவரியில் அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்திலுள்ள தன் வீட்டுக்கு வந்திருந்த எங்களை, எங்கள் மகள் "ஓய்வு பெற்ற தம்பதிகள்" என்று சேர்த்தே எழுதி, கரீபியன் தீவுகளுக்குப் போகும் உல்லாசக் கப்பலில் டிக்கட் வாங்கிவிட்டாள்.

"நடுச் சமுத்திரத்தில் எனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் அம்மாள்.

"வேலை ஒன்றும் இல்லை, அம்மா. அதற்காகத்தான் எல்லாரும் போகிறார்கள்" என்றாள் மகள்.

அம்மாளுக்கு இந்தப் பதில் புரியவில்லை. பென்ஷன்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் உபயோகப்படும்.

மியாமித் துறைமுகத்தில் கப்பலை அண்ணாந்து பார்த்தோம். அதைக் கப்பல் என்று சொல்ல நா எழவில்லை. மாடிமேல் மாடியாக ஒரு பட்டணமே தண்ணீரில் நின்றது. பிரயாணிகள் சுமார் 3,000 பேர். அவர்களுக்கு ஊழியம் செய்ய 1,200 சிப்பந்திகள். நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, கடைவீதி, ஆஸ்பத்திரி எல்லாம் உள்ளேயே இருந்தன. குளிக்கும் நீரில் பெரும்பகுதி கடல் நீரை உப்பு நீக்கிக் கப்பலிலேயே தயாரித்ததுதான் என்று கேட்டபோது, ஆடி மாதத்தில் குடத்தோடு வரிசையில் நின்ற காலம் அம்மாளுக்கு நினைவு வந்தது.

கப்பலின் பின்புறத்தில் "நசாவ்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. நசாவ் என்பது பஹாமாஸ் தீவுகளின் தலைநகரம். ஆனால் கம்பெனியின் ஆபீஸ் அமெரிக்காவில் இருந்தது. பிரயாணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர். பின் கப்பலுக்கு மட்டும் ஏன் பஹாமாஸ் கொடி? பென்ஷன்காரர் இந்தக் கணக்கைத் துருவி விசாரித்தார். கப்பல் எந்த நாட்டில் பதிவாகிறதோ அந்த நாட்டுச் சட்டமே அதற்குள் பெரும்பாலும் செல்லும். வரி குறைவாகவும் தொழிலாளர் சட்டம் இளக்கமாகவும் உள்ள நாட்டின் கொடியை ஏற்றிக்கொண்டால் செலவு குறையும். இதனால் உல்லாசக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடிகளோடு ஓடுகின்றன. "கல்யாணம் ஓர் ஊரில், குடித்தனம் வேறு ஊரில்" என்று அம்மாள் இதைச் சுருக்கமாக முடித்தாள்.

கப்பல் புறப்படுமுன் எல்லாருக்கும் ஒரு பயிற்சி நடந்தது. ஆபத்து நேர்ந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படி அணிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1912ல் டைட்டானிக் மூழ்கிய பிறகு ஏற்பட்ட சர்வதேச விதிகளில் இது ஒன்று. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதி 32 பேர் மாண்டபின், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள்.

எங்களுக்கு வாய்த்தது ஜன்னல் இல்லாத உள்ளறை. விலை குறைவு. அறைக் கதவை நாங்கள் திறப்பதற்குள், "வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா!" என்று பின்னாலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். இருபத்தாறு, இருபத்தேழு வயது வாலிபன். கப்பல் சிப்பந்திகள் மார்பில் பெயரோடு நாட்டின் பெயரையும் அணிந்திருப்பார்கள். அவன் சட்டையில் "இந்தியா" என்று இருந்தது. ஊர் திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். எங்கள் பகுதி அறைகளுக்கு அவன்தான் பொறுப்பு.

அம்மாளுடைய சங்கடம் மறுநாள் காலையில் ஆரம்பமாயிற்று. விடிந்ததும் எழுந்து, படுக்கை விரிப்புகளை உதறி மடித்து, துண்டுகளைக் கயிற்றில் உலர்த்தி, குளியலறையைக் கழுவியும் விட்டாள். தம்பி வந்து பார்த்துத் திகைத்து நின்றான்.

"அம்மா, இதெல்லாம் நீங்கள் செய்யக் கூடாது."

"ஏனப்பா? நீ ஒருத்தன் எத்தனை அறைக்குத்தான் ஓடுவாய்?"

"பதினெட்டு அறை, அம்மா. நீங்கள் மடித்ததை நான் பிரித்து, எங்கள் முறைப்படி மறுபடியும் மடிக்க வேண்டும். மேஸ்திரி வந்து பார்ப்பார். எனக்கு வேலை இரட்டிப்பாகிறது."

அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். செய்த உதவியே உபத்திரவமாகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அன்று மாலை அறைக்குத் திரும்பியபோது, கட்டிலின்மேல் துண்டுகளை மடித்துச் செய்த வெள்ளை யானை ஒன்று துதிக்கையைத் தூக்கி நின்றது. அம்மாளைச் சமாதானப்படுத்தத் தம்பி செய்தது. மறுநாள் அதைச் செய்யும் வித்தையை அவனிடமே கற்றுக்கொண்டாள். அவள் கைகளுக்கு அந்த ஒரு வேலையாவது கிடைத்தது.

கடலிலேயே கழிந்த இரண்டு நாட்களில் தம்பியின் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டோம். ஒப்பந்தம் எட்டு மாதம். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது, தினமும் வேலை. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 2006ல் ஏற்பட்ட கடல் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அந்த ஓய்வையும் இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். அவனுக்கு உறைவிடம் கப்பலின் அடிப்பாகத்தில். இன்னொருவருடன் பங்கு போட்டுக்கொள்ளும் சிறு அறை. கீழே கப்பலின் நீளத்துக்கும் ஓடும் சிப்பந்திகளின் பாதைக்கு, அமெரிக்காவின் நெடுஞ்சாலை ஒன்றின் பெயரால் "ஐ-95" என்று பெயராம். இந்தச் சம்பாத்தியத்தில்தான் தங்கையின் படிப்பு நடக்கிறது. ஊரில் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. மனைவிக்குக் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. அவன் இன்னும் நேரில் பார்க்கவில்லை.

இவ்வளவையும் அவன் துக்கமாகச் சொல்லவில்லை. விளக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

மூன்றாம் நாள் செயின்ட் தாமஸ். 1917ல் டென்மார்க்கிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய தீவு. நான்காம் நாள் செயின்ட் மார்ட்டின். 1648லிருந்து பாதி பிரெஞ்சுக்காரருக்கும் பாதி டச்சுக்காரருக்கும் உரியது. நீலமும் பச்சையும் கலந்த அந்தக் கடலின் நிறத்தை வர்ணிக்க எங்களிடம் வார்த்தை இல்லை. மயில் கழுத்து என்று அம்மாள் சொன்னாள், அதோடு விட்டுவிடுகிறோம்.

ஐந்தாம் நாள் குவாதலூப். கொலம்பஸ் 1493ல் இந்தத் தீவுக்கு வந்தார். இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு, கண்ட தீவுகளை இந்தியா என்று நம்பினார். அதனால்தான் இன்றும் மேற்கு இந்தியத் தீவுகள் என்ற பெயர். உண்மையான இந்தியர்கள் இங்கே வந்து சேர இன்னும் 361 வருஷம் ஆயிற்று. வந்தவர்களில் பெரும்பகுதியார் நம்மவர்கள்.

1848ல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். 1854ஆம் வருஷம் டிசம்பரில் "ஒரேலி" என்ற பாய்க் கப்பல் முதல் கூட்டத்தை இந்தத் தீவில் இறக்கியது. 1889 வரையில் சுமார் 42,000 பேர் வந்தார்கள். ஒப்பந்தம் ஐந்து வருஷம். முடிந்ததும் ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்கு. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மாதம் வந்தவர்களில், திரும்பி ஊர் கண்டவர்கள் சிறுபான்மையோரே.

அந்தத் தீவில் இறங்க வேண்டிய அநுமதிச் சீட்டுகளை மகள் முன்னமே வாங்கி வைத்திருந்தாள். துறைமுகப் பட்டணமான புவான்தாபீத்ரில் இறங்கி, வாசனைச் சரக்குச் சந்தைக்குள் நுழைந்தோம். கடைக்காரப் பெண்கள் தலையில் கட்டம் போட்ட துணியைக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணிக்கு அங்கே வழங்கும் பெயர் "மதராஸ்". அம்மாள் ஒரு கடை முன் திடீரென்று நின்றாள். மஞ்சள் நிறப் பொடி ஒன்றைக் கையில் எடுத்து முகர்ந்தாள். கொத்துமல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு.

"இது என்ன?" என்று ஜாடையில் கேட்டாள்.

"கொலொம்போ" என்றாள் கடைக்காரி.

அந்தப் பெயர் கொழும்பு நகரத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார் உண்டு. நம் "குழம்பு"தான் அப்படித் திரிந்தது என்பாரும் உண்டு. பண்டிதர்கள் விவாதிக்கட்டும். அம்மாளின் மூக்கு அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டு பொட்டலம் வாங்கினாள்.

வாடகைக் கார் பிடித்துக் கபெஸ்தேர் என்ற ஊருக்குப் போனோம். வழியெல்லாம் வாழைத் தோட்டம். தஞ்சாவூர் ஜில்லாவில் போவது போலவே இருந்தது. பெருஞ்சாலை ஓரத்தில், ஷாங்கி என்ற இடத்தில், நம் ஊர்ச் சிற்ப முறையில் எழுந்த மாரியம்மன் கோவில் இருக்கிறது. அங்கே ஒரு முதியவரைக் கண்டோம். நிறமும் முகமும் நம் பக்கத்தவை; பேச்சு பிரெஞ்சு கலந்த கிரியோல். அவரும் நாங்களும் ஒரு வாக்கியம் பேசிக்கொள்ள முடியவில்லை. ஆனால் சந்நிதியைக் காட்டி, "மாலியேமேன்" என்றார். அம்மாள் கைகூப்பி, "மாரியம்மன்" என்றாள். அவர் இதைக் கேட்டு மெல்லத் தலையசைத்தார். தமிழ் மறந்து பல தலைமுறை ஆகியும், அர்த்தம் தெரியாமலேயே தமிழ்ப் பாட்டுகளைப் பாடி இவர்கள் வழிபடுகிறார்கள் என்று கார் ஓட்டி வந்தவர் சொன்னார்.

இதே கபெஸ்தேரில்தான் 1863ல் ஹென்றி சிதம்பரம் பிறந்தார். ஒப்பந்தக் கூலிகளாக வந்த குடும்பத்தின் பிள்ளை. இந்தத் தீவிலேயே பிறந்த இந்தியர்களுக்கும் வோட்டுரிமை இல்லை என்று அதிகாரிகள் மறுத்தபோது, 1904ல் போராட்டம் தொடங்கினார். 1923ல்தான் அவர்களுக்குப் பிரெஞ்சுப் பிரஜைகளின் உரிமை உறுதியாயிற்று. 19 வருஷம்! உழைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு உழைத்தவனை ஆள் கணக்கில் சேர்க்காமல் விடும் தந்திரத்தை எதிர்த்து, ஒருவர் தம் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டிருக்கிறார்.

கப்பலுக்குத் திரும்பும்போது மாலை. துறைமுகத்தில் இலவசமாக வைஃபை கிடைக்கும் ஒரு சுவரோரமாகச் சிப்பந்திகள் ஐம்பது அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து, கையிலிருந்த கண்ணாடித் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தம்பியும் அங்கே இருந்தான். திரையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தீவுக்கு நான்கு முறை வந்தும், அந்தச் சுவரைத் தாண்டி அவன் ஊருக்குள் போனதில்லை.

அன்றிரவு 42,000 பேரின் கதையை அவனுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டான்.

"அவர்கள் திரும்பவில்லை, ஐயா. நான் திரும்பிவிடுவேன். இன்னும் மூன்று மாதந்தான்" என்றான்.

அவன் சொன்னது நியாயம். இவனைக் கூலிக் கப்பல் ஏறியவர்களோடு ஒன்றாகச் சேர்ப்பது அவர்கள் பட்ட துன்பத்துக்கும் அநீதி. இவனுடைய தைரியத்துக்கும் அநீதி. ஆயினும் நாங்கள் ஒன்று கண்டோம். ஒருவர் சுகமாகச் சாய்ந்திருக்கும் நாற்காலியை எங்கோ ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். அன்று சர்க்கரை தின்றவர்கள் அவர்களைக் கண்ணால் காணவில்லை. எங்களுக்கோ, பதினொரு நாளும் எதிரே நின்று வணக்கம் சொன்னான்.

பென்ஷன்காரர் அன்று வெகு நேரம் தூங்கவில்லை. "பதினொரு நாள் படுக்கை விரித்த பையனுடைய கஷ்டம் தெரிகிறது. 36 வருஷம்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார். "தூங்குங்கள்" என்றாள் அம்மாள்.

கடைசி நாள் காலை கப்பல் மியாமியில் நின்றது. நாங்கள் எல்லாரும் ஒன்பது மணிக்குள் இறங்க வேண்டும். அன்று பிற்பகலே வேறு 3,000 பேர் ஏறுகிறார்கள். அதற்குள் பதினெட்டு அறைகளையும் தம்பி புதிதாக்க வேண்டும். விடைபெற அவனுக்கு ஒரு நிமிஷந்தான் இருந்தது. பென்ஷன்காரர் ஓர் உறையைக் கொடுத்தார். அம்மாள் கொலொம்போப் பொட்டலங்களில் ஒன்றை அவன் கையில் வைத்தாள்.

"உன் தாயாரிடம் கொடு. முகர்ந்து பார்த்து, எந்த ஊர்ப் பொடி என்று அவர் சொல்லட்டும்."

விரிப்புகளை மட்டும் அம்மாள் அன்று மடிக்கவில்லை. கலைந்தபடியே விட்டு வந்தாள். அதுதான் அவனுக்குச் செய்யக்கூடிய உதவி என்று இப்போது தெரிந்திருந்தது.

மறுநாள் மகள் வீட்டில் அம்மாள் வழக்கம்போல் விடியுமுன் எழுந்து சமையலறைக்குப் போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, மேடையெல்லாம் காப்பிப் பொடி சிந்திக் கிடந்தது. நடுவில் பென்ஷன்காரர் டம்ளரும் கையுமாக நின்றார். காப்பியில் சர்க்கரை அதிகம், டிகாக்ஷன் போதாது. அம்மாள் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, முழுவதையும் குடித்தாள்.