கப்பலுக்கு ஒரு கதவு

எங்க ஊர் ஜொகூர் பாரு. எதிர்ல சிங்கப்பூர். நடுவுல இருக்கிற ஜொகூர் பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். பாலம்னு சொல்றோமே தவிர, அது பாலமே இல்லைங்க. கடல்ல கருங்கல்லைக் கொட்டி எழுப்பின ரோடு. அது மேலயே ரயில் தண்டவாளம், பக்கத்துல தண்ணிக் குழாய்.

அப்பா இருபது வருஷத்துக்கு மேல அதுல மோட்டார்ல வேலைக்குப் போய் வந்தவர். சின்ன வயசுல ஒரு நாள் ஜாம்ல மாட்டி நிக்கும்போது, "இங்க ஒரு காலத்துல கப்பல் போச்சுடா"ன்னார். நான் நம்பலை. இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் தேடிப் பார்த்தேன். நெசம்தான்!

முன்னாடி ரயில் பெட்டிகளையே படகுல ஏத்தித்தான் அக்கரை சேர்த்தாங்களாம். அது கட்டுப்படியாகாம 1919ல இந்த வேலையைத் தொடங்கி, 1923ல சரக்கு ரயில் விட்டு, 1924 ஜூன் 28ல திறப்பு விழா நடத்தினாங்க. கல்லெல்லாம் உபின் தீவு, புக்கித் தீமாவுலேருந்து வந்தது. கடலை அடைச்சுட்டா கப்பல் எப்படிப் போகும்? ஜொகூர் கரையோரமா ஒரு கால்வாய், அதுக்குக் கதவுகள், மேல தூக்குப் பாலம். ஒரு கதவைத் திறந்து கப்பலை உள்ள விட்டு, அதை மூடி, தண்ணி மட்டத்தைச் சமமாக்கி, அடுத்த கதவைத் திறக்கணும். அவ்ளோதான்.

1942 ஜனவரி 31ல ஜப்பான்காரங்களுக்குப் பின்வாங்கின பிரிட்டிஷ் படை அங்கதான் வெடி வச்சது. உடைஞ்ச ரோடு சீக்கிரமே சரியாயிடுச்சு. கப்பல் வழி திரும்பி வரவே இல்லை. அடியில கப்பல் போற மாதிரி ஒரு வளைஞ்ச பாலம் கட்டப் பார்த்து, அதையும் 2006ல கைவிட்டாங்க.

இதெல்லாம் எனக்கு வெறும் தகவலாத்தான் இருந்தது, 2020 மார்ச் வரைக்கும். 18ஆம் தேதியிலேருந்து மலேசியா எல்லையை மூடுதுன்னு அறிவிப்பு. வேலையில சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகலை. முந்தின நாள் ஒரு பையோட இந்தப் பக்கம் வந்துட்டேன். ரெண்டு வாரம்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் ஆச்சு.

கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் உட்லண்ட்ஸ் கடலோரம் போய் நின்னேன். எதிர்க்கரையில ஸ்டுலாங்ல அம்மா. போன்ல, "டார்ச் அடிக்கிறேன், தெரியுதாய்யா?"ன்னாங்க. அத்தனை வெளிச்சத்துல எது அம்மான்னு எப்படித் தெரியும்? "தெரியுதும்மா"ன்னேன்.

கல்லும் ரோடும் அப்படியே இருந்துச்சு. கதவுதான் மூடியிருந்தது. நடுக்கடல்ல கல்லைக் கொட்டினவங்களுக்கே கப்பலுக்கு ஒரு கதவு வைக்கணும்னு தோணியிருக்கு. நமக்கு?

2022 ஏப்ரல் 1ல திறந்ததும் முதல் வேலையா வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அந்த டார்ச் பொய்யை அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன்.

"தெரியும்யா"ன்னு சிரிச்சாங்க. "என் போன்ல அன்னைக்கு டார்ச்சே எரியலை."