எடை, விளிம்பு, காது

வீட்டுச் சாமான் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலைச் சீட்டைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எங்கள் சொந்தத்தில் யார் புதுக்குடித்தனம் வைத்தாலும், யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்தாலும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் தி.நகர்தான். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் ரங்கநாதன் தெரு, அதைத் தாண்டினால் உஸ்மான் சாலை. 2023-இல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்த பிறகு, கையில் அண்டாவோடு அந்தக் கூட்டத்தில் இடிபட வேண்டியதில்லை.

தள்ளுபடிக் கடையை மட்டமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பளபளவென்று ஏ.சி. போட்ட கடையில் இருக்கும் அதே பொருள் இங்கே குவியலில் கிடக்கும். அதே குவியலில் மூன்று மாதத்தில் நசுங்கிப்போகும் பொருளும் கிடக்கும். இரண்டையும் பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே அளவில், ஒரே பளபளப்பில் இரண்டு இருக்கின்றன. ஒன்று நூறு ரூபாய் குறைவு. கையில் ஒவ்வொன்றாகத் தூக்கினால் போதும், நூறு ரூபாய் எங்கே போயிற்று என்று தெரிந்துவிடும். தகட்டின் தடிமனைக் கடைக்காரர்கள் ‘கேஜ்’ என்பார்கள். அந்த எண் கூடக்கூடத் தகடு மெலியும்: 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் 0.7 மில்லிமீட்டர்தான். கேஜ் கேட்டுப் பதில் வராவிட்டால், “அண்ணா, இதைக் கொஞ்சம் எடை போடுங்க” என்பேன். பாத்திரக் கடையில் தராசு இல்லாமல் இருக்காது. சீட்டில் உள்ள விலையை எடையால் வகுத்துப் பார்த்தால், மலிவு என்று நினைத்த மெல்லிய பாத்திரம் கிலோவுக்குக் கூடுதல் விலையாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அதற்காக எல்லாமே கனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அரிசி, பருப்பு போட்டு வைக்கும் சம்படத்துக்குக் கனம் எதற்கு? இடுப்பில் சுமக்கும் குடமும் லேசாக இருப்பதே நல்லது. அடுப்பில் ஏறுவதற்குத்தான் தடிமன் வேண்டும். இல்லாவிட்டால் பால் அடிப்பிடிக்கும், ரவை கருகும். புதுக்குடித்தனத்துக்கு எடுக்கும்போது இந்தப் பிரிவினையைச் செய்தாலே பாதிப் பணம் சரியான இடத்துக்குப் போய்விடும்.

எடைக்கு அடுத்தது விளிம்பு. மடித்த விளிம்பின் உட்புறமாக ஒரு விரலை முழுச் சுற்று ஓட்ட வேண்டும். மடிப்பு சரியாக மூடாமல் இடைவெளி இருந்தால் அங்கே குழம்பும் சோப்புத் தண்ணீரும் தங்கும். எத்தனை தேய்த்தாலும் வாடை போகாது. பிறகு காது. உள்ளே ரிவெட் தலை தெரிந்தால் நிம்மதி. வெறும் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால், காதைப் பிடித்து ஒரு முறை திருகிப் பார்ப்பேன். கொதிக்கும் சாம்பாரோடு கழன்று வருவதைவிடக் கடையிலேயே கழன்று வரட்டும். கடைசியாக, மேஜைமேல் வைத்து விளிம்பை அழுத்தினால் ஆடக் கூடாது. கேஸ் அடுப்பில் சமாளித்துவிடலாம். இண்டக்‌ஷனில் ஆடும் பாத்திரம் உதவாது.

பலர் பையில் காந்தம் கொண்டுவருகிறார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்த ஸ்டீல் என்பது பாதி உண்மைதான். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 வகையில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202 வகையிலும் ஒட்டாது. ஆனால் உப்பும் புளியும் பட்டுப்பட்டு 202-இல் புள்ளி விழும். ஆகவே காந்தத்தை நம்பி ஊறுகாய்க்கும் கல்லுப்புக்கும் ஸ்டீல் டப்பா எடுக்காதீர்கள். அவற்றுக்குப் பீங்கான் ஜாடியோ கண்ணாடியோதான். மறுபக்கம், இண்டக்‌ஷனுக்கு எடுக்கும் பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். காந்தம் அங்கேதான் நிஜமாக உதவும்.

‘எது எடுத்தாலும் 99’ கடைகளிலும் தயங்காமல் நுழைவேன். துணி கிளிப், புனல், வடிகட்டி, மசாலா டப்பா எல்லாம் அங்கே அருமையாகக் கிடைக்கும். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன். சாப்பாட்டுப் பொருளுக்கு அதை எடுப்பேன். எண்ணும் இல்லை, மூடியைத் திறந்தால் நெடி அடிக்கிறது என்றால் வைத்துவிடுவேன். ஆனால் மலிவு பார்த்துக் குக்கர் வாங்குவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். குக்கருக்கு 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதோடு ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் தனியாகக் கிடைக்கும் கம்பெனிதானா என்றும் கேட்டுவிடுங்கள். நீராவி அழுத்தத்தோடு விளையாடும் சாமான் அது.

ஆடித் தள்ளுபடி சதவீதம் என்னை அசைப்பதில்லை. எம்.ஆர்.பி.யைத் தயாரிப்பவரோ பொதி கட்டுபவரோ போடுகிறார். அதற்குமேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. அதை எவ்வளவு உயர்த்திப் போடலாம் என்பதற்குப் பாத்திரத்தில் கட்டுப்பாடு இல்லை. உயர்த்திப் போட்ட விலையில் 60 சதவீதம் கழித்தால் நமக்கு என்ன மிச்சம்?

எதையும்விட நம்பகமான தகவல் அங்கே நிற்கும் பிள்ளைகளிடம் இருக்கிறது. எந்தப் பொருள் திரும்பி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காலையில் கூட்டம் சேருமுன் போய், “உங்க வீட்டுக்குன்னா எதம்மா எடுப்ப?” என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்கள் அவர்கள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். இருக்கை போட்ட தளத்தில் வாங்குவதை இன்றும் விரும்பிச் செய்கிறேன்.

பில் போட்டதும் பேர் வெட்டித் தரட்டுமா என்று கேட்பார்கள். அன்றைக்கே வெட்ட வேண்டாம்; பேர் விழுந்த பாத்திரத்தைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள், மூடி பொருந்துகிறதா பாருங்கள், ஒரு தடவை சமைத்தும் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த முறை போகும்போது வெட்டிக்கொள்ளலாம்.