ஒரு மில்லிமீட்டர் சரிவு

பொம்மைக் கார் செய்வதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. நாவலையும் கவிதையையும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்கள் மத்தியில் உப்புத்தாளையும் பிரைமரையும் தூக்கிக்கொண்டு வருவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். ஆனாலும் யதார்த்தம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாம் இங்கே எத்தனையோ இரவுகள் சண்டை போட்டிருக்கிறோம். அந்தச் சண்டைகளில் நான் சொல்ல முடியாமல் போன ஒன்று, பதினெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அம்பாசிடரைச் செய்து முடித்தபோதுதான் எனக்கே விளங்கியது. எனவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றத்தில் பிறந்தவர்களுக்குக் கல்யாணம் என்பது ஒரு பருவநிலை. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் முகூர்த்த நாளென்றால் கோயில் வாசலிலிருந்து மண்டபங்கள் வரை மாலையும் மேளமும்தான். ஒரே காலையில் பத்துப் பதினைந்து மாப்பிள்ளைகள் எதிரெதிரே வருவார்கள். யாருடைய மேளம் யாருக்கு அடிக்கிறது என்று தெரியாது. அந்தக் கூட்டத்துக்குள் பூச்சரம் சுற்றிய வெள்ளை அம்பாசிடர்கள் ஊர்ந்து போகும். அவற்றில் ஒன்று அப்பாவுடையது. 1986இல் பழைய வண்டியாக வாங்கி, இருபத்து மூன்று ஆண்டுகள் வாடகைக்கு ஓட்டினார். எத்தனை தம்பதிகளை ஏற்றியிருப்பார் என்று அவரே கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

2009இல் அந்த வண்டி பழைய இரும்புக்குப் போனது. தகுதிச் சான்று வாங்க ஆகும் செலவையும், வண்டியை உடைத்துப் போட்டால் கிடைக்கும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் காட்டியவன் நான்தான். கணக்கு சரியான கணக்கு. அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் மேசைமேல் வைத்துவிட்டு மலையைச் சுற்றிவர நடந்து போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கார் என்ற பேச்சு எழுந்ததில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலிருந்த ஆலை 2014இல் அம்பாசிடர் உற்பத்தியையே நிறுத்தியபோது செய்தித்தாளை நான்தான் எடுத்து மறைத்து வைத்தேன். (மறைத்து என்ன பயன்? அவருக்குத் தேநீர்க் கடையில் தெரிந்திருக்கும்.)

அந்த வண்டியைத்தான் 24இல் ஒரு பங்காகச் செய்ய உட்கார்ந்தேன். ஏன் 24 என்று கேட்பவர்களுக்கு: ஒன்றுக்கு 43 என்ற அளவு, பழைய பொம்மை ரயில் அளவிலிருந்து வந்தது, அலமாரியில் நிறைய வைக்கலாம், ஆனால் என் வயதுக் கண்ணுக்கு உள்ளிருக்கும் எதுவும் தெரியாது. ஒன்றுக்கு 18 என்றால் இடத்தை அடைக்கும். 24இல் உள்ளங்கை கொள்ளும் அளவுக்கு வண்டி வரும், ஸ்டியரிங்கும் தெரியும். ஜப்பானின் டாமியா போன்ற நிறுவனங்கள் கார் மாதிரிகளுக்கு இந்த அளவை வைத்திருப்பதால் சில உதிரிகளும் அதற்கே கிடைக்கின்றன.

எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு புகைப்படம். யாரோ ஒரு மணமகனும் மணமகளும் முன்னால் நிற்க, பின்னால் பாதி வண்டி. அதிலும் பாதி செவ்வந்திப்பூ. இதிலிருந்து அளவெடுக்க முடியாது. கையடக்கக் காமிராவில் அருகிலிருந்து எடுத்த படம் எதையும் நம்பக் கூடாது, முன்பக்கம் ஊதிப் பின்பக்கம் சுருங்கிவிடும். எனவே பசுமலைப் பக்கம் ஒரு பட்டறையில் மூச்சு நின்று கிடந்த வேறோர் அம்பாசிடரை, நன்றாகத் தள்ளி நின்று, லென்ஸை நீட்டி, சரியாகப் பக்கவாட்டில் படம் பிடித்தேன். இரண்டு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 2464 மில்லிமீட்டர் என்பது தெரிந்த சங்கதி. 24ஆல் வகுத்தால் 102.7. படத்தில் அந்தத் தூரம் 102.7 மில்லிமீட்டர் வரும்படி அச்சிட்டுவிட்டால் மற்ற எல்லா அளவுகளையும் அடிக்கோலால் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து அங்குல ரிம், 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். முகப்பு கிரில்லை மட்டும் கல்யாணப் படத்தைப் பார்த்தே செய்தேன். அம்பாசிடர் மார்க்குக்கு மார்க் மாறியது முகத்தில்தான். உடம்பு இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது, கடைசிவரை பெரிதாக மாறவில்லை.

அந்த உடம்பில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. மாம்பலகைகளை ஒட்டிச் செதுக்கி ஓர் அச்சு செய்தேன். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் தாளைச் சூடாக்கி அழுத்த வேண்டும். சட்டத்தில் தாளை இறுக்கி அனலில் காட்டினால் முதலில் அது நெளியும், பிறகு முரசுத் தோல் போல இறுகும், அதற்குப் பிறகுதான் தொய்யும். தொய்யத் தொடங்கும் அந்தக் கணத்தில் அச்சின்மேல் இறக்க வேண்டும். முந்தினால் மூலைகள் வராது, பிந்தினால் ஓட்டை விழும். நான்காவது தாளில்தான் எனக்குக் கூரை வந்தது. இதை வீட்டுக்குள் செய்யாதீர்கள். நாற்றம் மட்டுமல்ல, வீட்டிலிருப்பவர்களின் வாயும் நம்மைக் கொல்லும்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தடிமன்தான். உண்மையான காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நம் பிளாஸ்டிக்கும் ஒரு மில்லிமீட்டர் என்றால், கண் அதை 24 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பாகப் படித்துக்கொள்ளும். கார் போய் பீரங்கி வண்டி வந்து நிற்கும். முழுவதையும் மெலிதாக்க வேண்டியதில்லை. ஜன்னல் விளிம்பு, சக்கர வளைவு, பம்பர் ஓரம் என்று வெளியிலிருந்து தெரியும் விளிம்புகளை மட்டும் உள்பக்கமாகச் சாய்த்துச் சீவினால் போதும். கதவு இடுக்கும் அப்படித்தான். நிஜத்தில் ஐந்து மில்லிமீட்டர் என்றால் நமக்கு 0.2. கத்தியின் கூரால் கீறினால் பிளாஸ்டிக் இருபுறமும் மேடாகப் பிதுங்கும்; கத்தியின் முதுகால் பலமுறை மெல்ல இழுத்தால் சுருளாகச் சீவிக்கொண்டு வரும்.

பட்டி வைப்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் நிஜக் கார்களுக்கு டிங்கரிங் பார்ப்பவர். "கண்ணால பாக்காதீங்க தம்பி, கண்ண மூடிக்கிட்டு உள்ளங்கையால தடவுங்க, பள்ளம் கையிலதான் தெரியும்" என்றார். அளவு 24இல் ஒன்றானாலும் அந்த விதி மாறவில்லை, உள்ளங்கைக்குப் பதில் விரல்நுனி, அவ்வளவே. ஆனால் அவர் தந்த டுக்கோ பெயிண்ட் என்னைக் கவிழ்த்துவிட்டது. அதில் கலக்கும் தின்னர் வெறும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பானெட் முழுவதும் முதலைத் தோலாயிற்று. பிரைமரைப் பனி படிவது போல மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் காயவிட்டு அடித்த பிறகே அதன்மேல் டுக்கோ போக வேண்டும். சித்திரை வெயிலில் அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே பாதி காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். ஐப்பசி மழையில் அடித்தால் பால் கலந்தது போல வெளுத்துப்போகும். மதுரைச் சமவெளியில் பெயிண்ட் அடிக்கத் தை, மாசியின் காலை நேரத்தை விட்டால் வேறு நல்ல முகூர்த்தம் எனக்கு அமைந்ததில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிஜக் காருக்கு அடித்த அதே பெயிண்டை மாதிரிக்கு அடித்தால் நிறம் கூடுதலாக அடர்ந்து தெரியும். நாம் கையில் வைத்துப் பார்க்கும் மாதிரி, சாலையில் தூரத்தில் நிற்கும் காருக்குச் சமம்; இடையிலுள்ள காற்று எல்லா நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்யும், அந்தக் காற்றையும் நாம்தான் பெயிண்டில் கலக்க வேண்டும். தூய கறுப்பு என்ற டப்பாவைத் திறக்கவே வேண்டாம். டயர் கறுப்பல்ல, அடர்ந்த சாம்பல். பம்புசெட் பழுது பார்க்கும் கடையில் வாங்கிய ஓ-ரிங்குகள்தாம் என் டயர்கள். உப்புத்தாளில் உருட்டித் தரையைத் தொடும் பட்டையைத் தட்டையாக்கினேன், பளபளப்பும் போயிற்று. தூசிக்கு ஊர் மண்ணைத் தூவலாம் என்று பலருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். மண் துகளை 24இல் ஒரு பங்காக்க முடியாது. சக்கரத்தில் சரளைக் கல் ஒட்டியது போலிருக்கும். சித்திரம் வரையும் உலர்ந்த வண்ணக் கட்டியை அரைத்துப் பிரஷ்ஷால் தடவுவதே உத்தமம்.

கண்ணாடி ஒட்டும்போது கடைசிநேர அவசரத்தில் பெவிகுவிக்கை எடுத்தேன். காலையில் பார்த்தால் அதன் ஆவி படிந்து பின் கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம். புதிதாக வெட்டிச் சாதாரண வெள்ளைப் பெவிகாலில் ஒட்டினேன், அது காய்ந்தால் தடம் தெரியாது.

பதினான்கு மாதங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதை அப்பாவின் முன் வைத்தேன். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொடாமல், மேசையோடு முகத்தை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அம்பாசிடர் நல்லாத்தான் இருக்கு. நம்ம வண்டி இல்ல இது."

"ஏன்ப்பா?"

"நம்ம வண்டி இப்பிடியா நிக்கும்? பின்னால இடது பக்கம் ஒரு இஞ்சு தாந்துல்ல நிக்கும். முதப் பட்டை ஒடிஞ்சு கெடந்துச்சு. மாத்தாமயே ஓட்டினேன்."

"எப்பருந்து?"

"நீ காலேஜு சேந்த வருசம்."

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ஸ்பிரிங் பட்டை மாற்றுவதற்கு அன்று என்ன செலவாகியிருக்கும் என்று என்னால் கணக்கிட முடியும், கணக்கில் நான் கெட்டிக்காரன். கணக்கிடவில்லை.

ஓர் அங்குலம் என்றால் 24 அளவில் ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆலையின் அளவுகளை முழுக்க நம்பி நான் செய்தது உத்தர்பாராவிலிருந்து வெளியே வந்த வண்டி. அதன்மேல் அப்பாவின் இருபத்து மூன்று ஆண்டுகள் இல்லை. பக்கவாட்டில் முகத்தை வைத்து அவர் பார்த்தது அதைத்தான். மாதிரி செய்பவர்கள் கார் 'உட்காரும்' விதத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். நான்கு சக்கரமும் தரையைத் தொட்டால் சரி என்றே அதைப் புரிந்துவைத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து பேச்சு வரத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, சாப்பிடும்போது ஒன்று, மின்சாரம் போன நேரத்தில் ஒன்று. பானெட்டில் பூச்சரத்தைச் செல்லோ டேப்பால் ஒட்டி ஒட்டி, பிய்க்கும்போதெல்லாம் பெயிண்ட் பிசிறாக உரிந்திருந்ததாம், "கல்யாண வண்டியோட பானெட்ட வச்சே கண்டுபிடிச்சுரலாம்" என்றார். ஓட்டுநர் கதவின் மேல் விளிம்பில் அவருடைய முழங்கை தேய்த்துத் தேய்த்து வெள்ளை போய் உள்ளிருந்த செம்மண் நிறப் பிரைமர் தெரிந்ததாம். முன் இருக்கை அவர் பக்கம் குழிந்திருந்ததாம். நான் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன், படம் வரையச் சொல்லிக் காட்டினேன், "அவ்வளவு பெருசில்ல" என்று அழித்துத் திருத்தினார்.

தேய்மானத்தைக் காட்டப் பெயிண்டை மேலே தீட்டுவதைவிட அடியிலிருந்து ஏற்றுவது நல்லது. முதலில் இரும்பு நிறம், அதன்மேல் பிரைமரின் செம்மை, அதன்மேல் வெள்ளை. பிறகு தண்ணீர் தொட்ட வாட்டர் பேப்பரால், நிஜத்தில் எந்த இடம் தேய்ந்ததோ அந்த இடத்தை மட்டும், அதே திசையில் தேய்க்க வேண்டும். முழங்கை முன்னும் பின்னும் தேய்க்கும், மேலும் கீழும் அல்ல. பதினான்கு மாதப் பளபளப்பைத் தேய்த்துக் கரைக்கக் கை வரவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "ம், இன்னும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின் அச்சைத் தாங்கும் இடதுபுறக் கட்டையில் ஒரு மில்லிமீட்டர் அராவினேன். வண்டி சாய்ந்தது. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

இப்போது அது முன்னறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்து அலமாரியில் நிற்கிறது. சென்ற வாரம் தூசி தட்டப் போனபோது பின்சக்கரத்துக்கு அடியில் ஏதோ கிடந்தது. மலையடிவாரத்தில் பொறுக்கிய சிறு கருங்கல் சில்லு. எங்கள் வண்டியில் கைப்பிரேக் ஒருபோதும் பிடித்ததில்லை. எங்கே நிறுத்தினாலும் அப்பா இறங்கி முதலில் கல் தேடுவார், சிறுவயதில் அந்தக் கல்லை எடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. 24 அளவுக்கு இந்தச் சில்லு மிகப் பெரியது, நிஜத்தில் ஓர் அம்மிக்கல் அளவுக்கு வரும். தூசியைத் தட்டிவிட்டு, கல்லைப் பழையபடி சக்கரத்தோடு ஒட்டித் தள்ளி வைத்தேன்.