டைக்கர் ஹைட்ஸில் ஒரு சீரியல் செட்

புரூக்ளின், டிசம்பர் 20

அன்புள்ள மாப்ளே,

விரல் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது; எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நேற்று மகள் என்னை ஒரு பஸ் டூரில் ஏற்றிவிட்டாள். மன்ஹாட்டனிலிருந்து கிளம்பி, இங்கே டைக்கர் ஹைட்ஸ் என்ற பகுதியில் வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் கிறிஸ்துமஸ் விளக்கைச் சுற்றிக்காட்டுகிறார்கள். ஊரான் வீட்டு வாசலைப் பார்க்க டிக்கெட்! இங்கே நாலரைக்கே இருட்டிவிடுவதால் வியாபாரத்துக்கு வசதி.

இத்தாலிக்காரர்கள் அதிகம் குடியேறிய இடம். 1980களில் ஒரு அம்மாள், இறந்துபோன தன் தாயாரின் நினைவாக வீடு முழுக்க விளக்குப் போட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் ரோஷம் வந்துவிட்டது. இப்போது 83ஆம் தெருவிலிருந்து 86 வரைக்கும் ஜெகஜோதி. ஒரு வீட்டு வாசலில் சிப்பாய்ப் பொம்மைகள், நம் ஊர் கட்அவுட் தோற்றது போ.

டூர் கைடுதான் என் பொறுமையைச் சோதித்தான். இந்த வீட்டு விளக்குக்கு இத்தனை ஆயிரம் டாலர் செலவு, அந்த வீட்டுக்கு அத்தனை. பையன் ஒன்று மட்டும் உருப்படியாகச் சொன்னான்: எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882இல் இதே நியூயார்க்கில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் 80 பல்பு கோத்தாராம். சிவப்பு, வெள்ளை, நீலம். மரம் சுற்றவும் செய்யுமாம், நம் கோயில் கொடைக்கு நீ பல்பில் போடும் மயில் மாதிரி. சந்தோஷப்பட்டு, "இங்கே எல்லாம் ஒரே லைனா, தனித்தனியா இழுத்திருக்கிறார்களா?" என்று கேட்டேன். "மேஜிக், சார்!" என்றான். இருபது நிமிஷத்தில் பஸ்ஸுக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். வேலியில் பாதிச் சரம் செத்துக் கிடந்தது. ஏணியடியில் குத்தவைத்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டுக்கொண்டு வந்தார். இப்போது பல வீடுகளில் குடும்பத்தார் போடுவதில்லை, காண்ட்ராக்ட்தான். இவர் கூலிக்கு வந்தவர், ஸ்பானிஷ் பேசினார். நமக்கு அது வராது, என் இங்கிலீஷ் அவருக்கு ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய குண்டுமணி பல்பு. இங்கே கரண்ட் 120 வோல்ட், ஒரு பல்புக்கு இரண்டரை. ஐம்பது கோத்தால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. நூறு பல்புச் சரம் என்றால் உள்ளே இரண்டு ஐம்பது. அதனால்தான் பாதி மட்டும் செத்திருக்கிறது! கொடை ராத்திரி நீ பந்தல் காலில் தொங்கிக்கொண்டு திட்டிய திட்டெல்லாம் ஞாபகம் வந்தது. நான் கையுறையைக் கழற்றிவிட்டு மறுமுனையிலிருந்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏழாவதோ எட்டாவதோ, ஒன்று லூசாக இருந்தது. அழுத்திவிட்டேன். வேலி முழுக்க எரிந்தது. அந்த மனுஷன் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார் பார், அங்கே ஊர் வாடை அடித்தது.

எதிரே நூறு பேர் அந்தச் சிப்பாய்ப் பொம்மைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏணியை ஒருவரும் எடுக்கவில்லை. போட்டோவில் ஏணி தெரியக்கூடாது என்று ஒரு பெண் எங்களை நகரச் சொன்னாள். நகர்ந்தோம். பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் தாமதம். கைடு முறைத்தான், முறைக்கட்டும்.

சீரியல் செட் ஒன்று வாங்கி வரச் சொன்னாயே, வாங்கவில்லை. நம் ஊர் 230 வோல்ட்டில் சொருகினால் ஒரு நொடி ஜோராக எரியும், அப்புறம் புகைதான். நல்ல டெஸ்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.