சாவு அடியும் சொல்லித்தருவேன்

முதல் பத்து நாள் பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுக்க மாட்டேன். நடக்கத்தான் சொல்லித்தருவேன். காலை ஐந்தரைக்கு விடுதி முற்றத்தில் வட்டமாக நிற்கவைத்து, வலது காலைத் தூக்கி முழுப் பாதமும் மண்ணில் அறையும்படி வைக்கச் சொல்வேன். பார்க்க எளிது. ஆனால் வந்து சேர்கிற பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வராது. விரல் நுனியைத்தான் முதலில் ஊன்றுவார்கள். தோள் முன்னால் மடங்கியிருக்கும். கை இரண்டும் துப்பட்டாவைப் பிடித்திருக்கும். தெருவில் ஆள் வந்தால் ஒதுங்கி, பேருந்தில் இடித்தால் ஒடுங்கி, வீட்டில் அண்ணன் அதட்டினால் குறுகிப் பழகிய உடம்பு. பதினாறு வயதுக்குள் இத்தனையும் பழகிவிடுகிறது.

சிறுமலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் எழுந்து முற்றத்துக்கு வரும்போது மணி ஆறரை ஆகிவிடும். அதற்குள் நாற்பது சுற்று நடந்திருப்பார்கள். பிறகு பூசை. அதன்பின் கஞ்சி. பகலில் தையல், கணக்கு, விட்டுப்போன பத்தாம் வகுப்புப் பாடம். சாயங்காலம் மறுபடி முற்றம். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு கன்னியர் மடத்தின் பின்கட்டில் நடக்கிறது எங்கள் பள்ளி. படிப்பு நின்றுபோன பெண்பிள்ளைகளுக்கான இடம். நான் அங்கே ஆட்டமும் பறையும் சொல்லித்தருகிறேன்.

பதினோராம் நாள் பறை தோளுக்கு வரும். மூன்று துண்டு வேப்பங்கட்டையை வளைவாக இழைத்து, இரும்புத் தகடு அடித்து வட்டமாக்கி, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய வாத்தியம். ஏறத்தாழ ஒன்றேகால் அடி அகலம். வாரை இடது தோளில் மாட்டி, இடது கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். வலது கையில் குட்டையும் பருமனுமான அடிக்குச்சி. இடது கையில் மெல்லிய நீளமான மூங்கில் சிம்பு. அடிக்குச்சி தனியாக, சிம்பு தனியாக, இரண்டும் சேர்ந்து என்று அடிப்படை ஒலி மூன்றுதான். மற்றதெல்லாம் இந்த மூன்றின் கோவை. ஆனால் தோளைக் குறுக்கினால் வார் நழுவும், பறை முழங்காலில் இடிக்கும். நிமிர்ந்தே ஆக வேண்டும். நடையில் பத்து நாள் செலவழிப்பது இதற்காகத்தான். கால் தாளத்தை வாங்கிக்கொண்டால் கை தானாக வரும். கையால் எண்ணி அடிக்கிற பிள்ளை ஆடத் தொடங்கியதும் தடுமாறிவிடும். பறை அடிக்கிறவள் ஒருத்தி, ஆடுகிறவள் இன்னொருத்தி என்று எங்கள் ஆட்டத்தில் பிரிவு கிடையாது. இரண்டும் ஒரே உடம்பு செய்கிற ஒரே வேலை.

பிறகு நெருப்பு. வைக்கோலைக் கொளுத்தி, தோலை அதன் மேல் காட்டி, திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும். புறங்கையால் தட்டிப் பார்த்தால் முதலில் தொப்பென்று கேட்கும். ஈரம் போகப் போகக் குரல் ஏறும். ஒரு கட்டத்தில் தட்டினால் கணீர் என்று தெறிக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் நின்றால் தோல் கிழிந்துவிடும். ஐப்பசி மழையில் அரைமணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டியிருக்கும். இப்போது பைபர் போட்ட பறை கடையில் கிடைக்கிறது. நெருப்பு வேண்டாம், மழைக்கும் அசையாது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு அது போதும், வாங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகள் தோலில்தான் கற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். காய்ச்சத் தெரிந்தவளுக்குத்தான் தன் வாத்தியத்தின் குரல் எது என்று தெரியும். தோலும் திண்டுக்கல்லுக்கு அந்நியமில்லை. பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளின் வாடையில் வளர்ந்த ஊர் இது. அந்த வாடை ஒட்டிய கைகளைத்தான் இந்த ஊர் தள்ளியும் வைத்தது.

நான் இதை எங்கே கற்றேன் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லித்தந்த அக்கா சக்தி கலைக்குழுவில் கற்றவர். 1990-இல் சிஸ்டர் சந்திரா என்ற கத்தோலிக்கக் கன்னியர் திண்டுக்கல்லில் தொடங்கியது அது. தலித் வீடுகளின் இளம்பெண்களைச் சேர்த்து, தங்க இடம் தந்து, பறையும் ஒயிலாட்டமும் கும்மியும் கோலாட்டமும் தொழிற்கல்வியும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பெண் பறை அடிப்பதை இந்தப் பக்கத்தில் அநேகமாக யாரும் பார்த்ததில்லை. பறை ஆண்களின் வாத்தியம், அதுவும் ஒரு சாதி ஆண்களின் தலையில் கட்டப்பட்ட ஊழியம். அதை ஒரு கன்னியர் பெண்பிள்ளைகளின் தோளில் மாட்டினார் என்றால், இரண்டு பூட்டை ஒரே சாவியால் திறந்திருக்கிறார். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அந்தக் குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படமே எடுத்திருக்கிறார். 2025-இல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த நாளில் எங்கள் விடுதியில் பிள்ளைகள் சத்தம் தாங்க முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் நினைத்துக்கொண்டது, அதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்னால் முதன்முதலாகக் குச்சி பிடித்த அந்தப் பெண்பிள்ளைகளை.

இங்கே வராவிட்டால் எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டால், பதில் வேடசந்தூர்ச் சாலையில் நிற்கிறது. நூற்பாலைகள். மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்று மங்களமான பெயர் வைத்து, பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளை ஆலைக்குள்ளேயே தங்கவைத்துக்கொண்டார்கள். எனக்கு நேர் மூத்த அக்கா அப்படிப் போனவள்தான். விடுமுறைக்கு வந்தால் இருமிக்கொண்டே தூங்குவாள். அவளுக்கும் என்னைப் போலத் தாளம் வரும், என்னைவிட நன்றாகவே வரும். கேட்க ஆளில்லாமல் போயிற்று.

கிறிஸ்தவ நடனம் என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே பரதத்தைத்தான் நினைக்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. திருச்சியில் அருட்தந்தை எஸ்.எம். ஜார்ஜ் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி, பரதநாட்டியத்தை விவிலியக் கதைகளுக்குக் கொண்டுவந்தது. 2003-இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை நாங்களும் திருச்சி மறைமாவட்டம்தான், அதனால் அவர்களின் நிகழ்ச்சிகள் எங்களுக்கு வேற்றூர் விஷயம் அல்ல. பரதக் கலைஞரான பிரான்சிஸ் பார்போசா அடிகளார் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் புது முத்திரைகளே வகுத்தார். சின்ன வயதில் அப்படி ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அரைமண்டியில் உட்கார்ந்து பழகியிருக்கிறேன். அந்தக் கலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எங்கள் தெருவுக்கு அது வந்து சேர பட்டுப்புடவை வேண்டும், குரு வேண்டும், ஏழெட்டு வருஷம் வேண்டும். பறை ஏற்கெனவே எங்கள் தெருவில்தான் இருந்தது, பரணில், எலி கடித்த தோலோடு.

பரணில் ஏறியதற்கும் வரலாறு உண்டு. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்டபோது போய் அடிக்க வேண்டும், கூலி கேட்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்றிருந்த காலத்தில், ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையை எறிந்தவர்கள் எங்கள் பாட்டன்கள். அதற்காக அடி வாங்கியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கையில் மறுபடி பறையைக் கொடுத்தால் அப்பனுக்குப் பற்றிக்கொண்டு வராதா? ஒருவர் விடுதி வாசலில் நின்று, “ஏம்மா, இந்த எழவு வேணாம்னுதானே பிள்ளையைச் சிஸ்டர்கிட்ட விட்டேன்?” என்று கேட்டார். அவருக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டதில் தப்பே இல்லை. பேருந்தில் பறையோடு ஏறினால் பின்சீட்டிலிருந்து ‘டண்டணக்கா’ என்று ஒரு குரல் இன்றைக்கும் வரத்தான் செய்கிறது. அது வாத்தியத்தின் சொல் அல்ல, வசவு.

கோயிலுக்குள் கதை வேறு மாதிரி. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசைக்கும் கருவிகளுக்கும் வழிபாட்டில் இடம் தந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட சி.எஸ்.ஐ. போதகர், முழு ஆராதனையையும் நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். எந்தப் பாட்டையும் பாடுகிற சனம் தன் பாட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. 2005-இல் அவர் போய்விட்டார். இப்போது காணிக்கைப் பவனிக்குப் பறை அடிக்க எங்களைக் கூப்பிடும் பங்குகள் பல. சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டிக்கொண்டு, நெல்லும் திராட்சையும் அப்பமும் ஏந்திவருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் ஆடிக்கொண்டு போவார்கள். தரைக்கல் அதிரும். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

ஆனால் கூப்பிடுகிறவர்கள் சொல்லியனுப்பும் வார்த்தை ஒன்று உண்டு: “சாவு அடி மட்டும் வேண்டாம்.” சப்பரத்து அடி, சாமிச்சாட்டு அடி, வாழ்த்தடி, ஒத்தையடி எல்லாம் சரி. மாரடிப்பு வேண்டாம். பாடைக்கு முன்னால் போகிற அடி வேண்டவே வேண்டாம். பறையைக் கழுவிக் கொண்டுவரச் சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் மனசு ஒப்புவதில்லை. ஊரெல்லாம் ஒதுங்கிக்கொண்ட நேரத்தில் பிணத்தோடு கூட நடந்த வாத்தியம் இது. அழ முடியாதவனை அழவைத்தது. கட்டாயத்தின் பேரில் அடித்தது அவமானம், சரி, அந்தக் கட்டாயத்தை எறிந்தாயிற்று. அடியையும் எறிந்துவிட்டால் என் முப்பாட்டன் கண்டுபிடித்த கணக்கு அவனோடேயே போய்விடும். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நான் எல்லா அடியும் சொல்லித்தருவேன். சாவு அடியைக் கடைசியில், எட்டாம் மாதம், கதவைச் சாத்தாமல் முற்றத்திலேயே.

நாங்கள் எங்களை என்ன சொல்லிக்கொண்டாலும் சர்க்கார் காகிதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் சான்றிதழில் பிற்பட்டோர் என்று இருக்கும். தெருவில் மட்டும் பழைய பெயர். பறையடிக்கும் கன்னியர் விடுதிப் பிள்ளைக்கு இந்த இரண்டு பெயரையும் விளக்குவதுதான் எனக்கு மிகக் கடினமான பாடம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்கில் தவக்காலப் பாஸ்காவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் கூத்து. யூதாஸ் காசு வாங்குகிற இடம், பிலாத்து கைகழுவுகிற இடம், எல்லாவற்றுக்கும் பறை கேட்டிருந்தார்கள். சிலுவையிலிருந்து உடலை இறக்கிக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் இடத்துக்கு மட்டும் ஒலிநாடாவில் வயலின். நான் பங்குச்சாமியாரிடம் போய், “சாமி, எங்க தெருவுல ஒருத்தர் செத்தா எப்படி வழியனுப்புவோமோ அப்படி அவரை அனுப்ப விடுங்க” என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் எழுந்துபோனார்கள். கடைசியில் சாமி, “பிள்ளைகள் அடிக்கட்டும்” என்றார்.

மேடைக்குப் பின்னால் வைக்கோல் மூட்டிக் காய்ச்சினோம். மேடையில் மரியாள் வேஷம் போட்ட பெண்ணின் மடியில் உடலைக் கிடத்தினார்கள். ஏழு பிள்ளைகள் மெதுவாக, ஒவ்வொரு அடிக்கும் முழுப் பாதம் வைத்து, கூட்டத்தின் நடுவே வந்தார்கள். முதலில் சனம் திகைத்தது. பிறகு பாயில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி குரலெடுத்து ஒப்பாரி தொடங்கினாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். நாடகத்தில் எழுதாதது அது. பிள்ளைகள் அவர்கள் குரலுக்குத் தாளத்தை இறக்கிக் கொடுத்தார்கள். அதை நான் சொல்லித்தரவில்லை.

விடிந்து சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது ஏழு பேரில் ஒருத்தியின் தாத்தா வந்தார். முப்பது வருஷமாகக் குச்சி தொடாதவர், தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர் என்று பேத்தி சொல்லியிருந்தாள். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பேத்தியின் பறையை வாங்கி, தட்டிப் பார்த்து, “காயல” என்றார். மிச்ச வைக்கோலைக் கொளுத்தினோம். அவரே காய்ச்சினார். பிறகு எங்களைப் பார்த்து, “தூக்கிட்டுப் போற அடியும் இறக்கி வைக்கிற அடியும் ஒண்ணுன்னு யாரு தாயி சொன்னா? இறக்கையில சிம்பு ரெண்டு தடவை முந்தி விழணும்” என்று சொல்லி, ஒரே ஒரு முறை அடித்துக் காட்டினார். என் கைக்கு அது பிடிபட மூன்று நாள் ஆயிற்று.

பிள்ளைகள் தங்கள் நோட்டில் அதைத் ‘தாத்தா அடி’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.