மாணவர் கட்டணமும் ஆய்வு மாணவரும்

முனைவர் பட்ட ஆய்வாளர் மாணவரா, பணியாளரா? ஒரு சொல்லின் பொருள் எல்லை எங்கே முடிகிறது என்று தேடுவது மொழியியல் படித்தவர்களின் பழக்கம். 'மாணவர்' என்ற சொல்லின் எல்லையை எனக்குக் காட்டியது ஒரு விமானப் பயணச்சீட்டு.

சென்ற ஆண்டு நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு கருத்தரங்கில் படிக்க என் கட்டுரை ஏற்கப்பட்டது. தில்லியிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போய்வர வேண்டும். "மாணவர் கட்டணத்தில் எடு, பாதிக்குப் பாதி மிச்சம்" என்றார்கள் நண்பர்கள். அந்தப் பாதியைத் தேடிப் போனபோது அறிந்தவற்றை, இனிப் போகவிருப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

பயணச்சீட்டின் விலை ஒரே தொகையாகத் தோன்றினாலும், அதற்குள் அடிப்படைக் கட்டணம், எரிபொருளின் பெயரால் விமான நிறுவனம் சேர்க்கும் கூடுதல் கட்டணம், விமான நிலையக் கட்டணம், வரி எனப் பல அடுக்குகள் உண்டு. மாணவர் தள்ளுபடி பெரும்பாலும் முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது. கணக்குக்காக, 60,000 ரூபாய்ச் சீட்டில் அடிப்படைக் கட்டணம் 30,000 என்று கொள்வோம். 10 விழுக்காடு தள்ளுபடியில் குறைவது 3,000 ரூபாய். மொத்த விலையில் அது 5 விழுக்காடுதான். அதே நாளில் வேறொரு நிறுவனத்தின் சாதாரணச் சீட்டு இதைவிட மலிவாகக் கிடைக்கக்கூடும். ஆகவே 'மாணவர்' என்ற கட்டத்தைத் தேர்வுசெய்தும் செய்யாமலும் இருமுறை விலை பாருங்கள். சில நிறுவனங்கள் வயது வரம்பும் வைத்துள்ளன. முப்பதை நெருங்குபவர்கள் அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தச் சலுகையின் பெரிய பயன் கூடுதல் சுமையிலும் தேதி மாற்றத்திலும் இருக்கிறது. இரண்டாண்டுப் படிப்புக்காகப் புத்தகம், குளிராடை, பிரஷர் குக்கர் என்று பாதி வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகிறவருக்குக் கூடுதலாகப் பத்துக் கிலோ என்பது வரம். நான்கு நாள் கருத்தரங்குக்குத் தோள்பையோடு போகிறவருக்கு அது தேவையே இல்லை. தேதி மாற்றம் மட்டும் நமக்கும் உதவும், காரணம், விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். கடவுச்சீட்டு ஓரிரு நாள் தாமதமாகக் கைக்கு வந்தாலும், மாற்ற முடியாத மலிவுச் சீட்டு வீணாகிவிடும்.

இதுவரை சொன்னது சந்தைக் கணக்கு. சிக்கல் தொடங்குவது அலுவலகத்தில். 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் போகும்வரை, அரசுச் செலவில் பறப்பவர்களுக்கு ஏர் இந்தியா கட்டாயமாக இருந்தது. அதே ஆண்டு ஜூனில் நிதியமைச்சகத்தின் செலவினத் துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று முகவர்களிடமே சீட்டு வாங்க வேண்டும். இருப்பதில் குறைந்த கட்டணத்தைத் தெரிய வேண்டும். இயன்றவரை 21 நாள் முன்பே பதிவுசெய்ய வேண்டும். பொதுப்பணத்தைக் காக்கும் விதி என்பதால் அதன் நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் அரசு அலுவலர்களை மனத்தில் வைத்து எழுதிய இந்த விதி, பல நிறுவனங்களில் ஆய்வு மாணவரின் பயணத்துக்கும் அப்படியே பொருத்தப்படுகிறது. மாணவர் கட்டணமோ பெரும்பாலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், அடையாள அட்டையைக் காட்டி, மாணவரே வாங்க வேண்டியது.

எங்கள் கணக்குப் பிரிவில் கேட்டேன். விலை குறைவாகவே இருந்தாலும் வெளியே வாங்கிய சீட்டுக்குப் பணம் திரும்பாது என்றார்கள். விதிப்படி, மாணவர் கட்டணத்தைவிட நான்காயிரம் ரூபாய் கூடுதலான சீட்டை வாங்கினேன். அந்த நான்காயிரம் அரசின் பணம். முழுத்தொகையையும் முதலில் போட்டவன் நான். அது திரும்பி வர ஐந்து மாதமாயிற்று.

எனக்கு ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை உண்டு. 2023 ஜனவரி முதல் அது மாதம் 37,000 ரூபாய். கடன் வாங்கியாவது சமாளிக்க முடிந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தகுதியின்றி ஆய்வு செய்வோர்க்கு மாதம் 8,000 ரூபாய். அவர்களுக்கு 60,000 ரூபாய்ச் சீட்டு என்பது ஏழரை மாத வாழ்க்கை. என் தோழி ஒருத்தி, பேச்சுவழக்கு ஒன்றை மூன்றாண்டுகள் களத்தில் சேகரித்தவள், ஏற்கப்பட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். கருத்தரங்கினருக்கு எழுதிய மடலில் 'தனிப்பட்ட காரணங்களால்' என்று குறிப்பிட்டிருந்தாள்.

உதவித்தொகை தரும்போது நாம் மாணவர். ஆகவே வருங்கால வைப்பு நிதி இல்லை. செலவு செய்யும்போது நாம் அலுவலர். ஆகவே மாணவர் சலுகை இல்லை. இரண்டில் எந்தப் பெயரைச் சூட்டினாலும் ஏற்கிறேன். ஒரே பெயராக இருக்கட்டும் என்பதே வேண்டுகோள்.

மாணவர் கட்டணம் முகவரின் விலையைவிடக் குறைவு என்பதற்கு அதே நாளின் திரைப்பதிவைச் சான்றாக ஏற்கலாம். சீட்டுக்கான தொகையை முன்பணமாகத் தரலாம். சில துறைகளில் இவை நடக்கின்றன என்று கேள்விப்படுகிறேன். உங்கள் நிறுவனத்தில் அப்படியொரு சுற்றறிக்கை இருந்தால் இங்கே பகிருங்கள். முன்னுதாரணம் இல்லாமல் எங்கள் அலுவலகத்தில் கோப்பு நகராது. பயணம் இருப்பவர்கள், சீட்டு வாங்குவதற்கு முன்பே கணக்குப் பிரிவின் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.