தூண்டில் முள்

தூண்டிற்காரர் நால்வர் ஓரிடத்திற் கூடினால் அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை. கோலின் விலை, தங்கூசியின் பலம், படகின் வேகம், தப்பிப்போன மீனின் நீளம் ஆகிய யாவும் பேசப்படும். ஆனால் இத்தனை தளவாடங்களுள்ளும் மீனின் வாயிற் சென்று தைப்பது ஒன்றே, அது முள். அதைப் பற்றி நின்று யோசிப்பவர் மிகச் சிலர். கடைக்காரன் எதைச் சேர்த்துக் கொடுத்தானோ அதுவே போதுமென்று விட்டுவிடுகிறோம். இவ்வலட்சியம் மீனுக்கும் கேடு, பிடிப்பவனுக்கும் கேடு. முள்ளைத் தேர்ந்தெடுப்பது அறிவைக் கொண்டு செய்ய வேண்டிய காரியம் என்பதே நான் ஈண்டு எடுத்துரைக்க விரும்புவது.

நான் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடிய அல்லூரே எங்களுக்குக் கடலும் ஆறும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் தாய்மாமன் மூங்கிற் கோலை எடுத்துக்கொண்டு புறப்படுவார். பின்னால் நான் மண்புழுப் போட்ட தகர டப்பாவோடு செல்வேன். பொழுதுபோக்கு என்ற சொல் அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. விராலும் கெளிறும் பனையேறியும் கிடைத்தால் அன்று குழம்பு மணக்கும், கிடைக்காவிடில் கருவாடு. ஆதலால் மாமா முள்ளை வாங்குவதில் மிகுந்த கவனம் காட்டினார். “மீன் பெரிசென்று முள்ளைப் பெரிசாக்காதே மாப்பிள்ளை, அதன் வாயைப் பார்” என்பார். அல்லூரிலும் வயற்காலிலும் திரியும் செப்பாட்டுக்கு உடம்பு உள்ளங்கை அகலம், வாயோ மிளகளவு. கெளிற்றுக்குத் தலை முழுவதும் வாய். இரண்டுக்கும் ஒரே முள்ளைப் போடுகிறவன் ஒன்றை இழப்பான் என்பது அவர் கணக்கு. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். எனினும் அந்தக் கணக்கில் பிழையில்லை.

முள்ளின் உறுப்புக்கள் சில. தங்கூசி கட்டும் காது, நேரான தண்டு, வளைவு, முனை, முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள் என்பன அவை. முனைக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள அகலத்தை முள்ளின் வாய் எனலாம். மீனின் வாய்க்கு இந்த வாய் பொருந்துகிறதா என்பதே முதற் கேள்வி. கடையில் முள்ளுக்கு எண் கேட்பார்கள். இந்த எண் புதிதாய் வருபவனை மயக்கும். 10, 8, 6, 4, 2 என்று எண் இறங்க இறங்க முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டியபின் 1/0, 2/0, 3/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும். அன்றியும், ஒரு கம்பெனியின் 2-ஆம் எண் முள் மற்றொரு கம்பெனியின் 2-ஆம் எண்ணோடு ஒத்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. ஆகவே எண்ணை நம்புவதைக் காட்டிலும் முள்ளைக் கையில் வாங்கிக் கண்ணாற் பார்ப்பதே நன்று.

ஆனால் நம்மவரிற் பலர் பார்ப்பது வேறு. இந்த முள் ராசியான முள், அந்த முள் ராசியற்றது என்பர். ஓதிக் கொடுத்த முள் என்று பொட்டலத்தில் மடித்து வைத்திருப்பாரும் உளர். நண்பர்களே! மழுங்கிய முனையை எந்த மந்திரமும் கூராக்காது. முள்ளின் முனையைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தைப் பற்றி நின்றால் அது கூர். வழுக்கிச் சென்றால் மழுக்கம். மழுங்கியதைச் சிறு அரத்தாற் தீட்டுங்கள். தீட்டியும் சரியாகாவிட்டால் எறிந்துவிடுங்கள். ராசி என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி இந்த நகச் சோதனைக்குள் அடங்கிவிடும். திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தில், சூதாடி பெறும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டார். தூண்டிற்காரனே ராசியைத் தேடி அலைவானாயின் அவனும் ஒரு தூண்டிலை விழுங்கியவனே ஆவான்.

முள்ளின் வரலாறு மனிதனது அறிவின் வரலாற்றில் ஒரு பகுதி. கிழக்குத் திமோரிலுள்ள ஜெரிமாலாய்க் குகையிற் கண்டெடுத்த சிப்பி முள் 16,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். சிந்துவெளி மக்கள் செம்பில் எதிர்முள் வைத்த தூண்டில் செய்தனர். பின்னாளில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ஊசித் தொழிலாளர் எஃகுக் கம்பியில் முள் செய்து உலகெங்கும் அனுப்பினர். நார்வே நாட்டில் 1832-இல் தொடங்கிய முஸ்தாட் கம்பெனி 1877 முதல் முள் செய்யத் தலைப்பட்டது. அதன் பெயரை நம்மூர் மீன்பிடிக் கடைகளிலும் காணலாம். சிப்பியிலிருந்து எஃகு வரை வந்த இந்நெடும் பாதையில் ஒவ்வொரு மாறுதலும் ஒருவன் யோசித்ததால் வந்ததேயன்றி, ஓதியதால் வந்ததன்று.

இனி, ஓடும் படகின் பின்னே பொய்யிரையை இழுத்துச் செல்லும் முறைக்கு வருவோம். மலாய்க்காரர் இதனைத் துண்டா என்பர். துண்டா என்றால் இழுத்துச் செல்லுதல். குளிர்நாடுகளில் ஏரிகளிலும் கடலோரங்களிலும் டிரவுட், சால்மன் என்னும் மீன்களை இவ்வாறு பிடிக்கின்றனர். டிரவுட்டை நம் தமிழர் சிலர் அறிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார் அதனை இலங்கை நுவரெலியாவின் ஓடைகளுக்குக் கொண்டுவந்தனர். நீலகிரியிலும் அம்முயற்சி நடந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அது நிலைபெற்றது. தேயிலை மலையிற் கொழுந்து கொய்த நம் மக்கள், துரை தூண்டில் போடுவதைத் தூரத்தே நின்று கண்டிருப்பர்.

இன்று நாம் வாங்கும் பொய்யிரைகளிற் பல அந்தக் குளிர்நாட்டு வழக்கத்தில் தோன்றியவை. பின்லாந்துக்காரரான லௌரி ரப்பாலா 1936-இல் கையாற் செதுக்கிய பொய்மீனின் சந்ததிகளை இன்று எந்தக் கடையிலும் காணலாம். சிறு பொய்மீன்களின் வயிற்றிலும் வாலிலும் தொங்கும் மெல்லிய மும்முட்கள் அந்நாட்டு மீன்களுக்குப் போதுமானவையாக இருக்கலாம். நமது கழிமுகத்தில் வாழ்வதோ கொடுவா. சியாக்காப் என்று சொன்னால் எல்லார்க்கும் விளங்கும். அது இரையைக் கடித்துப் பார்ப்பதில்லை. வாயைத் திடீரெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. பிடிபட்டதும் துள்ளி மேலெழுந்து தலையை உதறுகிறது. அதன் தாடை வன்மையானது. செவுள்மூடியின் ஓரம் கத்திபோற் கூரியது. குளிர்நாட்டுக்கென்று செய்த மெல்லிய முள் அதன் வாயில் நிமிர்ந்துவிடுகிறது. முள்ளை மாட்டும் பிளவு வளையமும் விரிந்துவிடுகிறது.

கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் நான் பலமுறை ஒரு மலாய்ப் பெரியவரின் படகிற் சென்றிருக்கிறேன். நீர் ஏறும்போதும் வடியும்போதும் சதுப்புநிலக் காட்டோரமாக, மனிதன் நடக்கும் வேகத்திற் படகை விடுவார். கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோட்டில் பொய்மீன் நீந்தி வரும். புதிய பொய்யிரையை அவரிடம் காட்டினால், அதன் நிறத்தைப் பாராமல் முதலில் முள்ளை விரல்களால் விரித்துப் பார்ப்பார். விரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய பொய்மீன்களில் மும்முள் இல்லை. தடித்த கம்பியாலான ஒற்றைமுள்ளே உண்டு. காரணம் கேட்டேன். “மூன்று கால் இருந்தால் வேகமாக ஓடலாமா, தம்பி?” என்று சிரித்தார்.

அவர் சிரித்துச் சொன்னதற்குத் தக்க காரணமுண்டு. மும்முள்ளில் முனைகள் மூன்றாதலால் முதலிற் தைப்பது எளிது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முனையின் வாயும் சிறியது; கம்பியும் பெரும்பாலும் மெல்லியது. ஒரு முனை தைத்து நிற்கையில் மற்றோர் முனை தாடையில் ஊன்றி நெம்புகோலாகி முதல் முனையைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. ஒற்றைமுள்ளுக்கு வாய் அகலம். ஆழமாகச் சென்று எலும்போரத்திற் பற்றும். வேரிலும் நாணலிலும் சிக்குவது குறைவு. தடித்த கம்பி தைப்பதற்கு விசை வேண்டும் என்பர், உண்மையே. மெல்லிய கோலை ஏந்திக் கரையில் நிற்பவனுக்கு அது தடை. படகிற் செல்பவனுக்கோ படகின் ஓட்டமே அவ்விசையைத் தருகிறது.

மும்முள்ளைக் கழற்றி ஒற்றைமுள்ளை மாட்டுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். புதிய முள்ளின் எடை பழையதன் எடைக்கு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் பொய்மீன் நீந்தும் ஆட்டம் கெடும். வயிற்று முள்ளும் வால் முள்ளும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்காத அளவில் இருக்க வேண்டும். உப்புநீருக்குத் துருப்பிடிக்காத எஃகு நல்லதென்று எண்ணுவோர் ஒன்றை மறக்கின்றனர். தங்கூசி அறுந்து மீன் தப்பினால், சாதாரண எஃகு நாளடைவில் துருவேறி உதிரும். துருவேறாத முள்ளோ நெடுங்காலம் அதன் வாயிலேயே தங்கும். சாதாரண முள்ளை வாங்கி, வீடு திரும்பியதும் நன்னீரிற் கழுவி உலர்த்தினால் போதும்.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்து ஈயக்குட்டையொன்றில் நான் கண்டதைச் சொல்கிறேன். 2007 முதல் அவ்வூருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். ஈயக்கப்பல்கள் தோண்டிவிட்டுப் போன அக்குட்டைகளில் இன்று தோமான் வளர்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நல்லதொரு தோமானைக் கரையேற்றினான். வால் மும்முள் மீனின் வாயில். வயிற்று மும்முள் வெளியே தொங்கியது. அவன் குனிந்து மீனைப் பற்றவும், அது ஒருமுறை உதறியது. வெளியே நின்ற முள் அவன் உள்ளங்கையில் எதிர்முள் வரை புதைந்தது. ஒரு முனையில் மீன், மறு முனையில் பிள்ளை. மீன் துடிக்கத் துடிக்க அவன் கதறினான். நாங்கள் மீனைத் துணியால் அமுக்கி, வளையத்தை வெட்டி, அவனை வைத்தியரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்று மாலை முழுதும் அவன் தாயார் பேசாதிருந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

எதிர்முள் இல்லாத முள்ளாயிருந்தால் அதை அங்கேயே எடுத்திருக்கலாம். இடுக்கியால் எதிர்முள்ளை நசுக்கிவிடுவது ஒரு நிமிஷ வேலை. அவ்வாறு செய்தால் மீன் தப்புமென்று அஞ்சுகிறோம். தங்கூசி தளராதபடி பிடித்திருப்பவனிடமிருந்து அவ்வளவு எளிதில் தப்பாது. கனடாவின் பசிபிக் கரையில் சால்மன் பிடிப்போர் எதிர்முள் இல்லாத முள்ளையே பயன்படுத்த வேண்டுமென்பது சட்டம். அங்குள்ளோர் மீன் பிடிக்கத் தெரியாதவர்களா? திருப்பிவிட வேண்டிய மீனைக் காயமின்றித் திருப்பிவிட வேண்டுமென்பதே அச்சட்டத்தின் நோக்கம்.

திருப்பிவிடுவதா என்று சிலர் நகைப்பர். பசிக்குப் பிடிப்பவனை நான் குறைகூற மாட்டேன். நானும் அந்தக் குழம்பில் வளர்ந்தவன். எனினும் இரண்டு செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். கொடுவாவிற் பெரும்பாலானவை ஆணாய் முதிர்ந்து, ஆறேழு வயதளவில், ஏறத்தாழ 80 முதல் 100 சென்டிமீட்டர் நீளம் எய்துங்கால் பெண்ணாக மாறுகின்றன. ஆற்றுமுகத்தில் நாம் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் பெரிய மீன் பெரும்பாலும் தாய்மீன். இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமக்க வல்லது. தோமானோ தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காவல் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் மூச்சுவாங்க மேலே வந்து நீரைக் கொப்புளிக்கச் செய்யும்; அந்த இடத்தைக் குறிவைத்துப் பொய்யிரையை எறிந்தால், காவல் நிற்கும் பெற்றோர் பசியால் அல்லாமல் கோபத்தாற் கடிக்கும். அதைக் கொன்றெடுத்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. ஒரு மீனுக்காக ஒரு குடும்பத்தை அழிப்பது வீரமா?

ஆகவே முள்ளைத் தேரும்போதே ஒருவன் தன் மனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எதை வீட்டுக்குக் கொண்டு போகப் போகிறேன், எதை ஆற்றுக்கே விடப் போகிறேன்? இக்கேள்விக்கு விடை கண்டவன், மும்மூன்று முனைகள் தொங்கும் பொய்மீனை அப்படியே ஏற்க மாட்டான். வாய்க்கேற்ற அளவு, படகுக்கேற்ற கம்பி, நகத்திற் பற்றும் கூர், நசுக்கிய எதிர்முள், ஒன்றே முனை என்று தானே முடிவுசெய்வான். கறிக்கு வேண்டிய இளமீனை எடுத்துக்கொள்வான். தாய்மீனை நீரிலிருந்து வெளியே இழுக்காமலே முள்ளை உருவி விடுவான்.

தோட்டங்கள் பல துண்டாகி விற்கப்பட்டன, லயங்கள் இடிந்தன, அல்லூர்களிற் பல தூர்ந்தன. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் தஞ்சோங் காராங்கிலும் பட்டணத்து வீடுகளுக்குக் குடியேறிவிட்ட நம் பிள்ளைகள், விடுமுறையிற் கோலோடு நீர்க்கரைக்கு வருகின்றனர். அவர்களுக்கு விலையுயர்ந்த கோலை வாங்கிக் கொடுக்கும் தந்தைமார்களே! அதனோடு ஓர் இடுக்கியையும் ஒற்றைமுட்கள் சிலவற்றையும் வாங்கிக் கொடுங்கள். ஆற்றில் மீன் இருக்கும்வரை அவர்கள் வருவார்கள். மீன் இருப்பதோ முள்ளைப் பிடித்த கையின் அறிவைப் பொறுத்தது.